ஓய்வு பெற்ற பிறகு மருந்துக்கு யார் பொறுப்பு?



இந்தப் பகுதியில் வழக்கமாக இரத்த அழுத்தம், இனிப்பு நீர், முட்டிவலி என்று ஏதாவது ஒரு நோயைப் பற்றி எழுதுவோம். இம்முறை நோயைப் பற்றி மட்டுமல்ல, அந்த நோய்க்கு மருந்து கேட்கும் உரிமையைப் பற்றியும் எழுதுகிறோம். மருந்து எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது கைக்குக் கிடைத்தால்தானே குணம்?

உழைக்கிற காலத்தில் உடம்பு பல கணக்குகளை வெளியே காட்டுவதில்லை. பால் வாளி தூக்கிய தோளும், செம்பனைக் குலையை அறுத்துத் தள்ளிய முதுகும், மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கிய முட்டியும் நாற்பது வயது வரைக்கும் "பரவாயில்லை" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். மாலை போட்டு, போட்டோ பிடித்து, வேலையிலிருந்து அனுப்பி வைத்த பிறகுதான் அந்தக் கணக்கு ஒவ்வொன்றாக வெளியே வரும். அதாவது, வைத்தியம் நமக்கு அதிகமாகத் தேவைப்படுகிற காலம் நம்மிடம் வேலை நிறுத்தம் என்ற ஆயுதம் இல்லாத காலம். வேலையே இல்லாதவன் எந்த வேலையை நிறுத்துவான்?

இந்தக் கேள்விக்கு அமெரிக்க நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் ஒரு விடை கண்டார்கள். அது ஒரு நாளில் கிடைத்த விடை அல்ல. எழுபது ஆண்டுக்கும் மேலான கதை. நம் தோட்டத்து மக்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை என்பதால் இங்கே சொல்கிறோம்.

சுரங்கத்து லயம்

மேற்கு விர்ஜினியா, கென்டக்கி, விர்ஜினியா என்ற மாநிலங்களின் மலைப் பகுதிகளில் சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த வாழ்க்கையைக் கேட்டால், நம் தாத்தா பாட்டி கதையைக் கேட்பது போலவே இருக்கும். குடியிருந்த வீடு கம்பெனியுடையது. சாமான் வாங்கிய கடை கம்பெனியுடையது. டாக்டரும் கம்பெனி வைத்த டாக்டர்தான். ஆனால் அந்த டாக்டருக்குச் சம்பளம் கொடுத்தது யார்? மாதா மாதம் தொழிலாளியின் கூலியிலிருந்தே பிடித்துக் கொடுத்தார்கள். காசு தொழிலாளியுடையது, டாக்டரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் நிர்வாகத்துடையது.

1946ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சுரங்கத் தொழிலாளர் சங்கம் வேலை நிறுத்தத்தில் இறங்கியது. அப்போது சங்கத்தின் தலைவர் ஜான் எல். லூயிஸ். சம்பள உயர்வோடு அவர் வற்புறுத்திய முக்கியமான கோரிக்கை மருத்துவத்துக்கும் முதுமைக்கும் ஒரு நிதி வேண்டும் என்பது. முதலாளிமார் மறுத்தார்கள். நாட்டுக்கு நிலக்கரி இல்லாமல் போகவே, அதிபர் ட்ரூமன் சுரங்கங்களை அரசாங்கத்தின் கையில் எடுத்துக்கொள்ள உத்தரவிட்டார். பிறகு 1946 மே 29ஆம் தேதி, அதிபரின் வெள்ளை மாளிகையிலேயே, அரசாங்கத்தின் சார்பில் உள்துறைச் செயலாளர் ஜூலியஸ் குரூக்கும், சங்கத்தின் சார்பில் லூயிசும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். தோண்டி எடுக்கும் ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் 5 சென்ட் வீதம் ஒரு நல நிதிக்குப் போக வேண்டும் என்று அதில் எழுதப்பட்டது.

அந்தத் தேதியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

அதே ஒப்பந்தப்படி அரசாங்கம் கடற்படை மருத்துவ அதிகாரியான ஜோயல் பூன் என்பவரைச் சுரங்கப் பகுதிகளுக்கு அனுப்பி ஆராயச் சொன்னது. 1947-இல் வெளிவந்த அவருடைய அறிக்கை அங்கிருந்த வீடுகள், தண்ணீர், கழிவிடம், ஆஸ்பத்திரி இவற்றின் நிலைமையை நாட்டுக்கு எடுத்துக் காட்டியது. நிதி வந்த பிறகு முதலில் செய்த நல்ல காரியங்களில் ஒன்று, முதுகெலும்பு முறிந்து வருஷக் கணக்கில் படுக்கையிலேயே கிடந்தவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, ரயிலேற்றித் தூரத்து மறுவாழ்வு மருத்துவமனைகளுக்கு அனுப்பியது. 1950-களின் நடுவில் அந்த நிதியிலிருந்தே மலைப் பகுதிகளில் பத்து ஆஸ்பத்திரிகள் எழும்பின.

இதில் ஒரு விஷயம் முக்கியம். இந்த நிதி யாரும் போட்ட பிச்சை அல்ல. ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் "இவ்வளவு சம்பளம் போதும், மிச்சத்தை வயதான காலத்து வைத்தியத்துக்கு வையுங்கள்" என்று தொழிலாளர்கள் ஒத்துக்கொண்டதால் வந்த பணம். கையில் வாங்காத கூலி. அதை வயதான பிறகு மருந்தாக வாங்குகிறார்கள், அவ்வளவுதான்.

கரி நுரையீரல் என்றால் என்ன?

சுரங்கக்காரர்களுக்கு வைத்தியம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்கலாம். அவர்களுடைய தொழில் நோயைக் கொஞ்சம் விளக்குகிறோம்.

நிலக்கரியை வெட்டும்போதும் பாறையைத் துளைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தூசு பறக்கும். பெரிய தூசை மூக்கும் தொண்டையும் பிடித்து, சளியோடு வெளியே தள்ளிவிடும். நுண்ணிய தூசோ நுரையீரலின் அடியிலுள்ள சின்னஞ்சிறு காற்றறைகள் வரை போய்விடுகிறது. அங்கே உடம்பின் காவல் அணுக்கள் அதை விழுங்கி அழிக்கப் பார்க்கின்றன. கரித்தூளையும் பாறைத்தூளையும் அவற்றால் அழிக்க முடியாது. இந்தப் போராட்டத்தில் அந்த இடம் புண்ணாகி, ஆறி, தழும்பாகிறது. கையில் ஏற்பட்ட தழும்பு எப்படித் தடித்துப்போகிறதோ, அப்படியே நுரையீரலும் தடித்து, விரிந்து சுருங்கும் தன்மையை இழக்கிறது. பாறையிலிருந்து வரும் சிலிக்கா தூசு இன்னும் மோசமானது.

ஆரம்பத்தில் இருமல். பிறகு படி ஏறும்போது இளைப்பு. கடைசியில் சட்டை பொத்தான் போடுவதற்குள்ளேயே மூச்சு வாங்கும். தழும்பான நுரையீரலைப் பழையபடி ஆக்க மருந்து கிடையாது. வேலையை விட்ட பிறகும் நோய் வளரக்கூடும் என்பதுதான் இதில் கொடுமை. சளிக்காய்ச்சல் வராமல் தடுப்பது, மூச்சுக் குழாயை விரிக்கும் மருந்து, மூச்சுப் பயிற்சி, முற்றியவர்களுக்குப் பிராணவாயு, இவற்றால் நோயாளியைத் தாங்கிப் பிடிக்கலாம். எல்லாவற்றுக்கும் மாதா மாதம் காசு வேண்டும்.

இது பழைய காலத்து நோய் என்று நினைத்துவிட வேண்டாம். 2018-இல் அமெரிக்க அரசாங்கத்தின் தொழில் நல ஆராய்ச்சி நிலையத்தார் வெளியிட்ட ஆய்வின்படி, மத்திய அப்பலாச்சிய மலைப் பகுதியில் 25 ஆண்டோ அதற்கு மேலோ சுரங்கத்தில் வேலை செய்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இந்த நோயின் அடையாளம் இருக்கிறது.

"அமெரிக்கா பணக்கார நாடாச்சே, அங்கே அரசாங்க ஆஸ்பத்திரி இல்லையா?" என்று கேட்பீர்கள். நம் நாட்டில் போல, குடிமக்கள் யார் வேண்டுமானாலும் சிறு கட்டணம் கட்டிப் பார்த்துக்கொள்ளும் அரசாங்க ஆஸ்பத்திரி முறை அங்கே இல்லை. பெரும்பாலோருக்கு வேலைதான் வைத்தியக் காப்பு. 65 வயதானால் அரசாங்க மருத்துவக் காப்பு கிடைக்கும். ஆனால் உடம்பு கெட்ட சுரங்கத் தொழிலாளி அதற்கு வெகு முன்பே வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார். 65க்குப் பிறகும் அந்தக் காப்பு எல்லாச் செலவையும் ஏற்பதில்லை. மீதியைத் தாங்குவது சங்கம் வாங்கிக் கொடுத்த மருத்துவ அட்டைதான்.

வேலையில் இருந்தவர்கள் வேலையில் இல்லாதவர்களுக்காக

1988ஆம் ஆண்டு தொடக்கத்தில் பிட்ஸ்டன் என்ற சுரங்கக் கம்பெனியோடு இருந்த ஒப்பந்தம் முடிந்தது. முடிந்ததும், ஓய்வு பெற்றவர்கள், விதவைகள், ஊனமுற்றவர்கள் என்று சுமார் 1,500 பேருடைய மருத்துவக் காப்பைக் கம்பெனி நிறுத்திவிட்டது. கிழவர்கள் என்ன செய்துவிடப் போகிறார்கள் என்ற எண்ணம் போலும்.

பதினான்கு மாதங்கள் ஒப்பந்தம் இல்லாமலே வேலை செய்துகொண்டு பேச்சு நடத்திப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. 1989 ஏப்ரல் 5ஆம் தேதி வேலையில் இருந்த தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். கோரிக்கைகளில் முன்னால் நின்றது பெரியவர்களின் மருத்துவ அட்டை. அந்த மாதமே முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் கம்பெனியின் அலுவலகத்துக்குள் நுழைந்து உட்கார்ந்துவிட்டார்கள். பெயரைக் கேட்டதற்கு, பழைய காலத்துத் தொழிற்சங்கப் பாட்டியின் பெயரைச் சொல்லி, "நாங்கள் மதர் ஜோன்சின் மகள்கள்" என்று மட்டுமே பதில் சொன்னார்கள். செப்டம்பரில் 98 தொழிலாளர்களும் ஒரு பாதிரியாரும் நிலக்கரி சுத்தம் செய்யும் ஆலைக்குள் அமைதியாகப் புகுந்து நான்கு நாள் அங்கேயே இருந்தார்கள். கோர்ட்டு சங்கத்தின் மேல் ஆறு கோடி டாலருக்கு மேல் அபராதம் விதித்தது. பின்னர் 1994-இல் அதில் பெரும்பகுதியை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

1990 பிப்ரவரியில் ஒப்பந்தம் நிறைவேறியது. பெரியவர்களின் வைத்தியம் காப்பாற்றப்பட்டது. அதோடு நிற்காமல், இந்தச் சிக்கலை ஆராய அரசாங்கம் ஒரு குழுவை அமைத்தது. அதன் வழியாக 1992-இல் சுரங்க ஓய்வாளர் மருத்துவச் சட்டம் வந்தது. முன்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட கம்பெனிகள், தொழில் நடத்துகிற வரைக்கும், தங்களிடம் உழைத்து ஓய்வு பெற்ற அந்தத் தலைமுறையின் வைத்தியச் செலவைக் கட்டியே தீர வேண்டும் என்று அச்சட்டம் சொன்னது.

முன்னே கேட்ட கேள்விக்கு இது முதல் விடை. ஓய்வு பெற்றவர் வேலை நிறுத்தம் செய்ய முடியாது. ஆனால் இன்றைக்கு வேலையில் இருப்பவர் நாளைக்கு ஓய்வு பெறப் போகிறவர்தானே. அவருக்காக இவர் நிறுத்தினார்.

கம்பெனி கைமாறினால் வாக்குறுதி என்னவாகும்?

சட்டம் வந்ததும் தீர்ந்தது என்று நினைத்தார்கள். அதற்குப் பின் ஓய்வு பெற்ற தலைமுறைக்கு அந்தச் சட்டம் போதவில்லை. 2007-இல் பீபாடி என்ற பெரிய சுரங்கக் கம்பெனி தன் சுரங்கங்களில் சிலவற்றைப் பிரித்து பேட்ரியாட் என்ற புதுக் கம்பெனியை உண்டாக்கியது. கூடவே ஓய்வு பெற்ற ஆயிரக்கணக்கானோரின் மருத்துவச் செலவும் புதுக் கம்பெனியின் தலையில் ஏறியது. "முப்பது வருஷம் பீபாடிக்கு உழைத்தோம், பேட்ரியாட்டுக்கு ஒரு நாள்கூட வேலை செய்ததில்லை" என்ற நிலையில் பலர் இருந்தார்கள். தோற்பதற்காகவே உண்டாக்கிய கம்பெனி இது என்று சங்கம் குற்றம் சாட்டியது. பீபாடி நிர்வாகம் அதை மறுத்தது.

2012 ஜூலையில் பேட்ரியாட் நொடித்துப்போனதாகக் கோர்ட்டுக்குப் போனது. ஓய்வாளர்களின் மருத்துவக் கடமையிலிருந்து தன்னை விடுவிக்கக் கேட்டது. பெரியவர்கள் ஊர் ஊராகப் பேருந்து பிடித்து, பீபாடியின் தலைமையகம் இருந்த செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு வந்து நின்றார்கள். கைத்தடியோடு வந்தவர்கள் உண்டு, பிராணவாயுக் குழாயோடு வந்தவர்களும் உண்டு. 2013 ஜனவரியில் சாலையில் உட்கார்ந்து கைதானவர்களில் அப்போதைய சங்கத் தலைவர் செசில் ராபர்ட்சும் ஒருவர்.

கோர்ட்டின் தீர்ப்பு கம்பெனிக்குச் சாதகமாக வந்தது. எந்தத் தேதியில் தெரியுமா? 2013 மே 29. வெள்ளை மாளிகையில் கையெழுத்தாகி, நாள் பிசகாமல் 67 ஆண்டு.

அவர்கள் வீட்டுக்குப் போய்விடவில்லை. ஊர்வலமும் வழக்கும் தொடர்ந்தன. அதே ஆண்டு இறுதியில் பீபாடி 31 கோடி டாலரைச் சில தவணைகளில் கட்ட ஒத்துக்கொண்டது. அந்தப் பணம் ஓய்வாளருக்கான தனி நிதியில் போடப்பட்டது. ஆனால் தவணைப் பணம் என்றைக்கும் வராது அல்லவா? 2015-இல் பேட்ரியாட் மறுபடியும் நொடித்தது. மற்றக் கம்பெனிகளும் ஒவ்வொன்றாகச் சரிந்தன.

2016-இல் சுமார் 22,600 பேருக்குக் கடிதம் வந்தது: டிசம்பர் 31-உடன் உங்கள் மருத்துவக் காப்பு முடிகிறது. அந்த செப்டம்பரில் ஆயிரக்கணக்கான ஓய்வாளர்கள் தலைநகர் வாஷிங்டனில் கூடினார்கள். டிசம்பரில் நாடாளுமன்றம் நான்கே நான்கு மாதத்துக்கு நீட்டித்தது. மறுபடியும் கடிதம்: ஏப்ரலில் முடிகிறது. மறுபடியும் பேருந்து ஏறினார்கள். உறுப்பினர்களின் அலுவலகக் கதவை ஒவ்வொன்றாகத் தட்டி, தங்கள் மருந்துச் சீட்டைக் காட்டிப் பேசினார்கள்.

"தனியார் கம்பெனி கொடுத்த வாக்குக்குப் பொதுப் பணமா?" என்று சிலர் எதிர்த்தார்கள். நியாயமாகத் தோன்றும் கேள்விதான். அதற்குப் பெரியவர்களின் பதில்: 1946-இல் எங்கள் எதிரே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டது கம்பெனி அல்ல, அரசாங்கம். நாட்டுக்கு நிலக்கரி வேண்டும் என்று எங்களைச் சுரங்கத்துக்குள் திரும்ப அனுப்பியதும் அரசாங்கம்தான்.

2017 மே மாதம் அந்த 22,600 பேருக்கும் நிரந்தர மருத்துவக் காப்பு சட்டமாகியது. 2019 டிசம்பரில் வந்த இன்னொரு சட்டம் அவர்களுடைய ஓய்வூதிய நிதியைக் காப்பாற்றியது. அதற்கிடையில் நொடித்த கம்பெனிகளின் ஓய்வாளர் சுமார் 13,000 பேரின் வைத்தியத்தையும் சேர்த்துக்கொண்டது. இது இரண்டாவது விடை: நிறுத்த வேலை இல்லாதவர்கள், தங்களையே கொண்டுபோய் ஆள்பவர் கண்ணெதிரே நிறுத்தினார்கள்.

கடிதம் வந்த வீட்டில் என்ன நடக்கிறது?

இனி நம் சுகாதாரப் பாடத்துக்கு வருவோம். மருந்து நின்றுவிடும் என்ற பயம் வந்ததுமே பலர் செய்கிற காரியம், இருக்கிற மாத்திரையை இழுத்துப் பிடிப்பது. தினம் ஒன்று சாப்பிட வேண்டியதை ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுவார்கள். பாதியாக உடைத்துச் சாப்பிடுவார்கள். சில பாட்டிமார் தங்கள் மருந்தை நிறுத்திவிட்டு, "அவருக்காவது வாங்கட்டும்" என்பார்கள்.

இது வேண்டவே வேண்டாம். இரத்த அழுத்தம் ஏறினால் பெரும்பாலும் வலி தெரியாது. "நல்லாத்தானே இருக்கேன்" என்று இருக்கும்போதே ஒரு நாள் வாய் கோணி, கை விழுந்துவிடும். இனிப்பு நீர்க்காரர் ஊசியைக் குறைத்தால் சில நாளிலேயே மயக்கம் வரை போகலாம். இருதய மாத்திரை சிலவற்றைத் திடீரென்று நிறுத்துவதே ஆபத்து. ஆடாமல் அசையாமல் பத்து வருஷம் காப்பாற்றி வந்த உடம்பு இரண்டு மாதத்தில் கெட்டுப்போகும். மருந்துச் செலவு கட்டவில்லை என்றால் டாக்டரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். அதே மருந்து மலிவான வேறு பெயரில் கிடைக்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நாம் செய்ய வேண்டியவை

சுரங்கம் வேறு, தோட்டம் வேறு. சட்டமும் வேறு. ஆனாலும் தோட்டம் கைமாறுவதும், துண்டு துண்டாக விற்கப்படுவதும், வீடமைப்புக்குப் போவதும் நாம் கண்ணால் பார்த்தவை. ஆகவே சில யோசனைகள்:

1. வேலையில் இருக்கும்போதே காகிதங்களைச் சேர்த்து வையுங்கள். வேலைக் கடிதம், சம்பளச் சீட்டு, சேமநிதி கணக்கு, சொக்சோ எண், கிளினிக் அட்டை எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.

2. டாக்டரிடம் போனால் வலியை மட்டும் சொல்லாதீர்கள், வேலையையும் சொல்லுங்கள். எத்தனை வருஷம் மருந்து அடித்தோம், எத்தனை வருஷம் குலை தூக்கினோம், ஆலையில் தூசியில் நின்றோமா, இயந்திரச் சத்தத்தில் நின்றோமா என்பதெல்லாம் டாக்டருக்குத் தெரிய வேண்டும். கேட்டால்தான் சொல்வது என்று இருக்க வேண்டாம்.

3. வேலையால் வந்த நோயாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்னால், சங்கக் கிளைக்கும் சொக்சோ அலுவலகத்துக்கும் போய் விசாரியுங்கள். "நான்தான் ஓய்வு பெற்றுவிட்டேனே" என்று நீங்களே உங்கள் மனுவைத் தள்ளுபடி செய்துவிடாதீர்கள்.

4. நிர்வாகம் வாயால் கொடுக்கும் வாக்கு துரை மாறினால் போச்சு. எதுவாக இருந்தாலும் எழுத்தில் கேளுங்கள். தோட்டம் விற்கப்படும் பேச்சு எழுந்தால், வீட்டைப் பற்றிக் கேட்பதோடு வைத்தியத்தைப் பற்றியும் கேளுங்கள்.

5. மாத்திரைகளின் பெயரையும் அளவையும் ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். ஆஸ்பத்திரி மாறினாலும் வைத்தியம் மாறாது.

6. ஓய்வு பெற்றதும் சங்கத்தை மறந்துவிடாதீர்கள். கிளைக் கூட்டத்துக்கு வாருங்கள். வேலையில் இருக்கும் தம்பிமாரே, பெரியவர் வந்தால் நாற்காலி கொடுத்து, அவர் பேசுவதையும் குறிப்பில் எழுதுங்கள்.

சுரங்கத்துப் பெரியவர்கள் மூச்சுத் திணறிக்கொண்டே பேருந்து ஏறினார்கள். பல பேர் அந்தச் சட்டம் நிறைவேறுவதைப் பார்க்காமலே கண்ணை மூடினார்கள். அவர்களுடைய விதவைகள் அடுத்த பேருந்தில் ஏறினார்கள். அட்டை காப்பாற்றப்பட்டது அதனால்தான்.

உழைத்த உடம்புக்குக் கொடுக்கும் மருந்து தர்மம் அல்ல, பாக்கிக் கூலி. பாக்கியைக் கேட்பவன் தலை குனிய வேண்டியதில்லை.

அடுத்த முறை சந்திப்போம். அதுவரை மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.